தாட்சாயிணியைத் திருப்பி வைக்கும் தீர்மானம்

பஷீருதீன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஒரு பெண் அழுகிற சத்தம் காதில் விழுந்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஓடுவதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. பூந்தமல்லியில் இருபத்தாறு வருஷமாகக் கிரில் பட்டறை வைத்திருக்கிற மனுஷருக்கு இந்த விவரம்கூடத் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது!

சம்பவம் நடந்த இடம் அயனம்பாக்கத்தில் 'ராயல் லேக் பெவிலியன்' அடுக்ககம். பேரில் ஏரி இருக்கிறதே தவிர, அந்த ஏரியைப் பார்க்க வேண்டுமானால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும். அதற்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அங்கே எதற்கெடுத்தாலும் சங்கம்தான். போன வருஷம் பி பிளாக் ஜன்னலில் புறா கூடு கட்டியதற்கு மூன்று பேர் கொண்ட உபகுழு போட்டார்கள். குழு அறிக்கை தருவதற்குள் குஞ்சு பொரித்து, வளர்ந்து, பறந்தே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை சி பிளாக் மூன்றாவது மாடியில் ஒரு பால்கனிக்குக் கிரில் மாட்டிக்கொண்டிருந்தார் பஷீருதீன். அப்போது லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே மாட்டிக்கொண்டது அதே மாடியில் குடியிருக்கும் தாட்சாயிணி. அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஆஸ்துமா உள்ள பெண். அன்றைக்கென்று பார்த்து இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

வாட்ச்மேன் ஏகாம்பரம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு போன் போட்டார். "ஆவடியாண்ட வந்துகினு கீறேன்" என்றான் அவன். நாற்பது நிமிஷம் கழித்துக் கேட்டபோதும் ஆவடியாண்டதான் வந்துகொண்டிருந்தான். தாட்சாயிணி சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் 'காப்பாத்துங்க' என்று போட்டாள். செயலாளர் சரவணக்குமார் உடனே பதில் போட்டார், அதில் குறை சொல்ல முடியாது: 'புகார்களை நமது ஆப்பில் உரிய பிரிவில் மட்டும் பதியவும். லிஃப்ட்–விளக்கு. லிஃப்ட்–சுத்தம். லிஃப்ட்–இதர.' பாவம், மூச்சு வாங்க அழுதுகொண்டே 'இதர'வில் பதிந்தாள். மூன்று வேலை நாட்களில் தொடர்பு கொள்வோம் என்று வந்தது.

அந்த அழுகைதான் பஷீருதீன் காதில் விழுந்தது. டூல்ஸ் பையோடு ஓடிவந்தார். கடப்பாரையைச் செருகி மூன்றாவது மாடிக் கதவை நெம்பினார். கூண்டின் மேல்பகுதி கால்வாசி மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூலை உள்ளே இறக்கினார்.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி, ஒண்ணும் இல்ல. ஸ்டூல் மேல கால வெய்யி. கைய குடு. அவ்ளோதான், வந்துட்ட பாரு!"

வெளியே வந்த தாட்சாயிணி தண்ணீர் குடித்தாள், மருந்தை இழுத்தாள், அப்புறம் ஓவென்று அழுதாள். "அண்ணா, நீங்க நல்லா இருக்கணும்ணா" என்றாள்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். அங்கே மனிதர்கள் மட்டும் இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும். சங்கம் இருந்ததால் முடியவில்லை.

சாயங்காலம் சங்கத் தலைவர் அழகேசன் கிளப் ஹவுஸுக்கு பஷீருதீனைக் கூப்பிட்டனுப்பினார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, அவர் பேச்சு ஓய்வு பெறவில்லை.

"பாய், தங்களைப் பாராட்டியே தீருவது என்று சங்கம் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டது. நாளை மாலை விழா. பொன்னாடை உண்டு. நினைவுக் கேடயம் உண்டு. தாங்கள் பயன்படுத்திய கருவிகள் அனைவரின் பார்வைக்கும் வைக்கப்படும்."

"கருவின்னா இன்னா சார்?"

"உங்க டூல்ஸ் பைதானுங்க" என்று சொல்லிக்கொண்டே சரவணக்குமார் அதைத் தோளிலிருந்து கழற்றி வாங்கிவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதைக்குக் குறைவிருக்காது. டிரில் மெஷின், கட்டிங் மெஷின், வெல்டிங் ஹோல்டர், கடப்பாரை, எல்லாம் பையோடு கிளப் ஹவுஸ் கண்ணாடி பீரோவுக்குள் போயின. சாவி தலைவரின் சட்டைப் பைக்குள் போயிற்று.

பஷீருதீன் பீரோவுக்கு முன்னால் போய் நின்றார். "சார், கேடயம் மெதுவா குடுங்க, பரவால்ல. பைய குடுத்துடுங்க. வெள்ளிக்கெழம நசரத்பேட்டைல ஒரு ஊட்ல கிரகப்பிரவேசம். மாடிப்படிக்குக் கைப்பிடி மாட்டணும். வர்றவங்க எல்லாம் கொழந்த குட்டியோட ஏறுவாங்க சார். புடிக்க ஒண்ணும் கெடையாது, ஒரு பக்கம் அப்படியே தொறந்து கீது."

"நாளைக்குத்தானே விழா? வியாழக்கிழமை முழுநாள் இருக்கிறதே!" என்று அழகேசன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

புதன்கிழமை காலையிலேயே ஒரு சிக்கல் முளைத்தது. பெயருக்குக் கீழே என்ன பொறிக்க வேண்டும் என்று கேடயக் கடைக்காரன் போன் செய்து கேட்டுவிட்டான். கேடயம் என்றால் ஆங்கிலத்தில் இருந்தால்தான் கேடயம் என்பது அங்கே எழுதாத சட்டம். ஒருவரைக் காப்பாற்றியவருக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்? உடனே 'சொல் நிர்ணய உபகுழு' பிறந்தது. தலைவர், செயலாளர், மூன்றாவதாக ஏ பிளாக் சாவித்திரி. கல்லூரியில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவர். அவருடைய அகராதி தலையணை அளவு. அதை ஏகாம்பரம் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் இறக்கினார்.

பாராட்டப்படுபவர் உடனிருக்க வேண்டும் என்று பஷீருதீனையும் வரவழைத்தார்கள். அவர் கண்ணாடி பீரோவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"ஹீரோன்னு போட்டுடலாங்களே?" என்றார் சரவணக்குமார்.

சாவித்திரி புரட்டினார். "கிரேக்கச் சொல். பாதி மனிதன், பாதி தெய்வம்னு அவங்க நம்பினவங்களுக்குத்தான் அந்தப் பேர்."

"பாதி தெய்வம் என்று கேடயத்தில் போட்டால், முழு தெய்வம் யார் என்று கேள்வி வரும்" என்றார் அழகேசன். சற்று நாணமாக வேறு சிரித்தார். "சர்ச்சை வேண்டாம். அடுத்தது?"

"சேவியர், இரட்சகர்னு அர்த்தம். லத்தீன் வேர். பாதுகாப்பானதுங்கிற சொல்லும் அங்கேயிருந்துதான் வருது. பாதுகாப்பு இல்லாத இடத்துலேருந்து பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்தவர்."

சரவணக்குமார் துள்ளி எழுந்துவிட்டார். "ஐயோ, அது வேண்டாங்க! அப்ப நம்ம லிஃப்ட் பாதுகாப்பில்லாத இடம்னு நாமே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருங்க. லிஃப்ட்ல பழுதே இல்லைன்னு நேத்துத்தான் தீர்மானம் போட்டிருக்கோம்."

"நின்னுபோச்சே சார்?" என்று கேட்டுவிட்டார் பஷீருதீன்.

"நிற்பதும் லிஃப்ட்டின் பணிதான் பாய். நிற்காத லிஃப்ட்டில் யார் இறங்க முடியும்?" என்றார் அழகேசன்.

கடைசியில், மீட்டவர் என்று பொருள்படும் 'ரெஸ்க்யூயர்' என்பதற்கு வந்தார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கடைக்காரனுக்கு போன் போடப் போன நேரத்தில், சாவித்திரி அகராதியின் சின்ன எழுத்துக்களுக்குள் இறங்கிவிட்டார்.

"இருங்க, இருங்க. மூல அர்த்தம் உலுக்கி வெளியே தள்ளுறது. மரத்தை உலுக்கினா புளி விழுமே, அது மாதிரி."

"பாய், உலுக்கினீர்களா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். நெம்பினேன்."

"நெம்பினார் என்று குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்."

"இன்னும் இருக்கு" என்ற சாவித்திரியின் குரல் இறங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு வாசித்தார். "பழைய இங்கிலாந்துச் சட்டத்துல, இன்னொருத்தரோட முறையான காவல்ல இருக்கிற ஆளையோ பொருளையோ பலவந்தமா பறிச்சுக்கிட்டுப் போறதுக்குப் பேருதான் ரெஸ்க்யூ. அது குற்றம். தண்டனையும் உண்டு."

மூன்று பேரும் மெல்லத் திரும்பி பஷீருதீனைப் பார்த்தார்கள். அவர் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

சரவணக்குமார் மடிக்கணினியைத் திறந்து சங்க விதிகளைத் தேடினார். "பதினாலாவது விதிங்க. 'பொது லிஃப்ட்டுகளும் அவற்றினுள் இருக்கும் அனைத்தும் சங்கத்தின் காவலில் உள்ளவை.' அனைத்தும்னா தாட்சாயிணி மேடமும் சேர்த்தித்தானுங்க."

அழகேசன் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் பேச்சு என்று அர்த்தம். "தோழர்களே, சிந்தித்துப் பாருங்கள். நாற்பது நிமிடம் அந்தப் பெண்மணி நமது காவலில் பத்திரமாக இருந்தார். உடம்பில் ஒரு கீறல் உண்டா? அவரது புகாரை நாம் பெற்றுக்கொண்டோம், எண் கொடுத்தோம். மூன்று வேலை நாள் பொறுத்திருந்தால் முறைப்படி விடுவித்திருப்போம். நாம் எதையும் செய்யாமல் இருந்தோம் என்று யாராவது சொல்ல முடியுமா? நாம் செய்வதற்குள் ஒருவர் செய்துவிட்டார். இப்படி ஆளாளுக்குக் காப்பாற்றக் கிளம்பினால் சங்கம் எதற்கு?"

"அதானே" என்று வாசலிலிருந்து சொன்னார் ஏகாம்பரம். எதைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

விழா தள்ளி வைக்கப்பட்டது. பை விழாப்பொருள் என்ற நிலையிலிருந்து சாட்சிப்பொருள் என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. பஷீருதீன் பூந்தமல்லிக்குத் திரும்பி, தெரிந்த பட்டறைகளில் எல்லாம் மெஷின் கேட்டுப் பார்த்தார். முகூர்த்த நாள் நெருக்கம், ஒருத்தர் கையிலும் சும்மா இல்லை. வீட்டில் மனைவி அஷ்ரஃபுன்னிசா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "காப்பாத்துனதுக்கா பைய புடுங்கிகினாங்க? நீ ஒழுங்கா சொல்லு, வேற இன்னா பண்ண?"

வியாழன் காலை தாட்சாயிணிக்கும் ஒரு சிக்கல் வந்தது. அந்த அடுக்ககத்தில் லிஃப்ட்டில் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் கார்டு தேய்க்க வேண்டும். சரவணக்குமாரின் சொந்த ஏற்பாடு; இரண்டும் ஆப்பில் பதிவானால்தான் கேட்டும் திறக்கும். அன்றைக்கு அவள் ஸ்டூல் மேல் ஏறி வெளியே வந்தாளே, கார்டா தேய்த்தாள்? நேற்று வரை அது யார் கண்ணிலும் படவில்லை. குற்றம் என்று முடிவானதும் பட்டுவிட்டது. ஸ்கூட்டியோடு கேட்டுக்கு வந்தவளை ஏகாம்பரம் தலையைச் சொறிந்துகொண்டே நிறுத்தினார்.

"மேடம், கோச்சிக்காதீங்க. நீங்க இன்னும் லிஃப்ட்ல கீறீங்கன்னு காட்டுது. கேட்டு தொறக்க மாட்டேங்குது."

"நான் உங்க முன்னால நிக்கிறேனேண்ணே?"

"எனக்குத் தெரியுது மேடம். அதுக்குத் தெரியலியே!"

பத்து மணிக்கு கிளப் ஹவுஸில் விசாரணை. சரவணக்குமார் இருநூற்றுப் பன்னிரண்டாம் தீர்மானத்தை வாசித்தார். சம்பந்தப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்பதில் அவர் ரொம்ப கவனம். அதனால் இப்படி இருந்தது: 'சி பிளாக் லிஃப்ட்டில், மூன்றாம் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவே, குடியிருப்பாளர் ஒருவர் மீண்டும் வைக்கப்பட்ட அக்கணமே பை ஒப்படைக்கப்படும்.' அதன் பிறகு சங்கமே முறைப்படி அவரை விடுவித்து, எல்லோருக்கும் கேடயம் கொடுக்குமாம்.

பஷீருதீனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "இன்னா சார் சொல்றீங்க? அந்தப் பொண்ண திருப்பி உள்ள வெக்கச் சொல்றீங்களா?"

"எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில் என்ன கஷ்டம் பாய்?" என்றார் அழகேசன்.

ஸ்கூட்டி சாவியோடு உள்ளே வந்து நின்ற தாட்சாயிணி இதைக் கேட்டாள். அவளுக்கு எரிச்சல் வந்தது, பஷீருதீனின் முகத்தைப் பார்த்ததும் அது அழுகையாக மாறியது. "அண்ணா, விடுங்க. உங்க பை கிடைக்கும்னா நான் அஞ்சு நிமிஷம் உள்ள நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஒரு தரம் இழுத்துக்கொண்டாள்.

பஷீருதீன் அந்த இன்ஹேலரைப் பார்த்தார், பீரோவுக்குள் இருந்த பையைப் பார்த்தார். நசரத்பேட்டை வீட்டின் கைப்பிடியில்லாத மாடிப்படி கண்ணுக்குள் வந்து போயிற்று.

"வேணாம் தங்கச்சி. அழுவற ஆள வெளிய எடுத்தேன். திரும்ப உள்ள வெக்க என் கை வராது. பை போனா போவட்டும், போ."

சங்கத்துக்கு இது அவமானமாகப் போயிற்று. லிஃப்ட் ஏதோ ஆபத்தான இடம் என்பதுபோல அல்லவா இந்த ஆள் பேசுகிறார்! அழகேசன் மேஜையைத் தட்டினார். "பழுதில்லை என்று தீர்மானம் போட்ட லிஃப்ட் அது. நாமே ஏறிச் சென்று சம்பவ இடத்தைப் பார்வையிடுவோம். இவர்களும் பார்க்கட்டும்."

லிஃப்ட்டை நேற்றே சரவணக்குமார் சரிசெய்திருந்தார், அதாவது மெயினை ஒரு தரம் அணைத்துப் போட்டிருந்தார். தலைவர், செயலாளர், அகராதியை நெஞ்சோடு அணைத்தபடி சாவித்திரி, மூவரும் ஏறி முறையாகக் கார்டு தேய்த்தார்கள். பஷீருதீனும் தாட்சாயிணியும் ஏகாம்பரமும் படியேறினார்கள். இவர்கள் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, லிஃப்ட் வரவில்லை. இரண்டு மாடிக்கும் நடுவில் எங்கேயோ கொர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி. அப்புறம் அழகேசனின் குரல்.

"இது பழுதல்ல! யாரும் பதற வேண்டாம்!"

நெம்பிய கதவு அன்றிலிருந்தே சரியாக மூடவில்லை, நாலு விரல் இடைவெளி இருந்தது. பஷீருதீன் குனிந்து பார்த்தார். கீழே மூன்று தலைகள் தெரிந்தன. அவருக்கு வேறு யோசனையே வரவில்லை. "சார், பயப்படாதீங்க! பீரோ சாவிய மேல குடுங்க. கடப்பாரைய எடுத்தாந்து ரெண்டே நிமிஷத்துல தொறந்துடறேன்."

"தொடாதீர்கள்!" என்று அலறினார் அழகேசன். "நாங்கள் சங்கத்தின் காவலில் இருக்கிறோம். தாங்கள் இப்போது கை வைத்தால் அது இரண்டாவது குற்றம். முதலில் தாங்கள் செய்யப்போவதற்கு என்ன பெயர் என்று தீர்மானமாகட்டும்."

"கூட்டம் நடத்த வேண்டிய கோரம் இருக்குதுங்க, மூணு பேரும் இங்கயே இருக்கோம்" என்றது சரவணக்குமாரின் குரல். "கூட்டத்தைத் தொடங்கிரலாங்க." அகராதி புரளும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் தாட்சாயிணி தன் போனை எடுத்து, வாட்ஸாப் குழுவில் வந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் தீர்மானத்தை மறுபடி ஒரு தரம் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது. இடைவெளியில் வாயை வைத்துச் சத்தமாகக் கேட்டாள்.

"தலைவர் சார், லிஃப்ட் இப்ப மூணுக்கும் ரெண்டுக்கும் நடுவுலதானே நிக்குது?"

"ஆமாம்."

"உள்ள குடியிருப்பாளர் ஒருத்தர் இருக்காரா?"

"மூவர் இருக்கிறோம்."

"தீர்மானத்துல ஒருத்தர் போதும்னு போட்டிருக்கு. ரெண்டு பேர் கூடுதலாவே வெச்சாச்சு. அக்கணமே பையை ஒப்படைக்கணும்னும் போட்டிருக்கு சார்."

உள்ளே குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. என்ன இருந்தாலும் அழகேசன் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர், அதை மறுக்க முடியாது. "நிபந்தனை நிறைவேறிவிட்டது" என்று கம்பீரமாக அறிவித்தார். நாலு விரல் இடைவெளி வழியே பீரோ சாவி மேலே வந்தது.

பஷீருதீன் ஓடிப்போய்ப் பையை எடுத்தார். அதைத் தோளில் மாட்டியபோதுதான் இரண்டு நாளாக வராத மூச்சு அவருக்கு ஒழுங்காக வந்தது. அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. கடப்பாரையோடு மறுபடி மூன்றாவது மாடி ஏறினார். "சார், கடைசியா கேக்கறேன். தொறக்கட்டா?"

"தீர்மானம் நிறைவேறும் வரை கூடாது! இப்போதுதான் முதல் சொல்லின் வேரில் இருக்கிறோம்!"

பஷீருதீன் ஏகாம்பரத்தை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணாத்தே, அந்தப் பொண்ணு அழுதுச்சு, மூச்சு இல்ல, அதான் ஓடியாந்தேன். இவங்க பேசறாங்க. பேசிகினு கீற வரிக்கும் மூச்சு நல்லா கீதுன்னு அர்த்தம். பேச்சு நின்னுச்சுன்னா ஒடனே போன் போடு. எங்க இருந்தாலும் வந்துடறேன்."

கேட்டருகே ஏகாம்பரம் ஆப்பைப் பார்க்கவில்லை. கையாலேயே கேட்டைத் தள்ளித் திறந்தார். முதலில் பஷீருதீனின் வண்டி போயிற்று, பின்னாலேயே, இன்னும் லிஃப்ட்டுக்குள் இருக்கிற தாட்சாயிணியின் ஸ்கூட்டியும் போயிற்று.

நசரத்பேட்டையில் பஷீருதீன் போனை மாடிப்படியில் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார். மனசு கேட்காமல் அவரே நாலு தடவை கூப்பிட்டார். நாலு தடவையும் ஏகாம்பரம் ஒரே பதிலைத்தான் சொன்னார். "பேசிகினே கீறாங்க பாய். தண்ணி பாட்டில உள்ள வுட்டேன், வாங்கிகினாங்க. இப்ப மூணாவது வார்த்தைக்கு வந்துட்டாங்க."

சாயங்காலம் கடைசித் திருகை முறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பஷீருதீன் பதறிப்போய் எடுத்தார். "இன்னா நைனா, பேச்சு நின்னுடுச்சா?"

"நீ வேற! மெக்கானிக்கு ஆவடிலேந்து வந்துட்டான் பாய். லிஃப்ட்ட கரெக்டா மூணாவது மாடில கொணாந்து நிறுத்தி, கதவையும் தொறந்துட்டான். அரை மணி நேரம் ஆவுது."

"அப்பாடா! எறங்கிட்டாங்களா?"

"எங்க! இன்னும் உள்ளதான் நின்னுகினு கீறாங்க. அவன் தொறந்ததுக்கு என்ன பேர் போடறதுன்னு முடிவாவலயாம்."

பஷீருதீன் போனைச் சட்டைப் பையில் போட்டார். புதுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தரம் உலுக்கிப் பார்த்தார். ஆடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடியே படியிறங்கி வீட்டுக்குப் போனார்.